குடல் நோயும் எலும்பின் உறுதியும்

முதுகு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு போனவனிடம், "ஐயா, உங்களுக்கு வயிற்றில் நெடுநாளாக ஏதேனும் நோய் உண்டா?" என்று ஒரு டாக்டர் கேட்டார். போனவன் நான்தான். தலையில் காயம் பட்டவனிடம் காலைக் காட்டச் சொல்வது போல அந்தக் கேள்வி அப்போது எனக்குத் தோன்றிற்று. அதற்குப் பொருள் விளங்கச் சில நாட்கள் ஆயின. விளங்கியதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

2019ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். தலைமையாசிரியர் பணியிலிருந்து நான் ஓய்வு பெற்று ஓராண்டு கழிந்திருந்தது. செட்டியார்பட்டியில் எங்கள் வீட்டுக் கொல்லையிலே, தொட்டியிலிருந்து ஒரு வாளி நீரை மொண்டு தூக்கினேன். வாளி பெரியதன்று, பத்து வயதுச் சிறுவன் தூக்கக்கூடியது. நடு முதுகிலே ஏதோ ஒன்று நொறுங்கினாற் போல் இருந்தது. அப்படியே தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். சுளுக்கு என்றார்கள் வீட்டார். சுளுக்கு வழிப்பவர் வந்தார், எண்ணெய் காய்ச்சினோம், ஒத்தடம் கொடுத்தோம். வலி தாளாமல் மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி ஒருவார காலம் விழுங்கினேன். எட்டாம் நாள், பல மாதங்களாக அடங்கிக் கிடந்த என் குடல் நோய் மீண்டும் தலைதூக்கி, இரத்தமும் சளியுமாக வயிற்றுப்போக்குக் கண்டது. அதை அடக்க, பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த ஒரு பழைய மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு போனேன். எந்த மருந்து என் முதுகெலும்பை அரித்ததோ அதே மருந்தை, அந்த எலும்பு முறிந்த சில நாட்களுக்குள்ளாகவே, மறுபடியும் வாங்கி உண்டேன் என்பது பின்னாலேதான் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்து மதுரையில் எடுத்த எக்ஸ்ரே படத்தில், முதுகெலும்புக் கணுக்களில் ஒன்று முன்புறம் நசுங்கி, தச்சர் அடிக்கும் ஆப்பைப் போலத் தோன்றிற்று. அந்தப் படத்தைப் பார்த்த பிறகே டாக்டர் வயிற்றைப் பற்றிக் கேட்டார்.

என் வயிற்றின் வரலாறு இது. 2001ஆம் ஆண்டு, நாற்பத்தோராம் வயதில், எனக்கு மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கிற்று. மூலம் என்றே நினைத்தேன். நம் பக்கத்தில் மலத்தில் இரத்தம் கண்டால் எல்லாம் மூலந்தான், உடம்புச் சூடுதான். மோர், கருணைக்கிழங்கு, துத்திக்கீரை என்று இரண்டாண்டுகள் ஓட்டினேன். வகுப்பு நடுவிலே சாக்குக் கட்டியை வைத்துவிட்டு ஓட வேண்டிய நிலை வந்த பிறகே, உள்நோக்கிக் குழாய் விட்டுப் பார்க்கச் சம்மதித்தேன். பெருங்குடல் புண் அழற்சி என்று பெயர் சொன்னார்கள். வெட்கத்தினால் இழந்த அந்த இரண்டாண்டுகளைப் பற்றி இன்றும் எனக்கு வருத்தமுண்டு.

இவ்வகை நாள்பட்ட குடல் அழற்சி நோய்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று நான் சொன்னது. பெருங்குடலின் உட்புறத் தோலிலே புண்ணாக நின்றுவிடுவது. மற்றொன்று கிரோன் நோய். 1932ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்ற மூவர் அதை விவரித்து எழுதினார்கள். அது வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம். ஆயினும் சிறுகுடலின் கடைசிப் பகுதியை மிகுதியும் பற்றும். குடற்சுவரின் முழுக் கனத்தையும் ஊடுருவும். இவை குளிர்நாட்டாரின் நோய்கள், நமக்கு வாரா என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். லூதியானா மருத்துவர்கள் பஞ்சாபில் வீடுவீடாகச் சென்று கணக்கெடுத்து 2003இல் வெளியிட்டபோது, இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 44 பேர் பெருங்குடல் புண் அழற்சியோடு இருப்பது தெரிந்தது.

குடல் கெட்டால் உணவின் சத்து உடம்பில் சேராது என்பதைத் தமிழ்நாடு வேறொரு வகையிலும் அறிந்திருக்கிறது. 1960ஆம் ஆண்டை ஒட்டி, வேலூரைச் சுற்றிய சிற்றூர்களிலே 'ஸ்புரூ' என்னும் குடல் நோய் கொள்ளை நோயாகவே பரவிற்று. உண்டதெல்லாம் கொழுப்போடு கழிந்து மனிதர்கள் எலும்பும் தோலுமாயினர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாதனும் அந்த ஊர்களுக்கே சென்று ஆராய்ந்தார்கள். நான் சொல்லும் நோய்கள் அதினின்றும் வேறானவை. என்றாலும், வயிற்றுக்குள் போனதெல்லாம் உடம்புக்குள் போனதாகாது என்னும் உண்மை இரண்டுக்கும் பொது.

இனி எலும்புக்கு வருவோம். எட்டாம் வகுப்பில் நான் எலும்பைப் பற்றி முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியவன். கரும்பலகையில் 206 என்று எழுதி, பெயர்களை ஒப்பிக்கச் சொல்லி முடித்துவிடுவேன். எலும்பு உயிருள்ள பொருள் என்பதை ஒரு வரியில் சொல்லியிருப்பேன், ஆழ்ந்து சொன்னதில்லை.

நம் ஊர்க் கண்மாய்க் கரையை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மழையிலும் கரை சிறிது கரைகிறது. குடிமராமத்துச் செய்து, கரைந்த இடத்தில் மண் அணைக்கிறோம். கரைவதும் அணைப்பதும் சமமாயிருக்கும் வரையில் கரை நிற்கும். எலும்பிலும் அப்படியே. பழைய எலும்பைக் கரைப்பதற்கென்று ஒருவகை உயிரணுக்கள், புதிய எலும்பைக் கட்டுவதற்கென்று மற்றொரு வகை உயிரணுக்கள். இளமையிலே கட்டுவோர் கை ஓங்கியிருக்கும். முப்பது வயதுக்குள் சேமித்ததுதான் பெருஞ்சேமிப்பு. அதன்பின் நாளாவட்டத்தில் கரைப்போர் கை ஓங்கும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அது விரைந்து நடக்கும்.

குடல் அழற்சி உள்ளவனுக்கு இந்தக் கரை நான்கு பக்கத்திலும் அரிக்கப்படுகிறது. முதலாவது, அழற்சியே. குடலில் எரியும் நெருப்பு குடலோடு நிற்பதில்லை. அது இரத்தத்தில் அனுப்பும் இரசாயனச் செய்திகள் எலும்பைக் கரைக்கும் அணுக்களைத் தூண்டிவிடுகின்றன. இதனால், ஸ்டீராய்டு ஒரு மாத்திரையும் உண்ணாத நோயாளிக்குங்கூட எலும்பு மெலியக்கூடும். இரண்டாவது, சத்துச் சேராமை. சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் சிறுகுடலில்தான் மிகுதியும் ஏறுகிறது. அதை ஏற்றிவிடும் உயிர்ச்சத்து 'டி' கொழுப்பிலே கரைவது. கொழுப்புச் செரிக்கப் பித்த உப்பு வேண்டும். அந்தப் பித்த உப்பு மீண்டும் உடம்புக்குள் உறிஞ்சப்படும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி. கிரோன் நோய் கூடாரமடிக்கும் இடமும் அதுவே. அந்தப் பகுதியை அறுத்து நீக்கியவர்கள் இன்னும் கவனமாயிருக்க வேண்டும். என்னைப் போன்று பெருங்குடலில் மட்டும் நோயுள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. மூன்றாவது, பயந்து பயந்து உணவைக் குறைத்து, நடமாட்டத்தையும் குறைத்து, உடல் இளைத்துப் போவது. நான்காவது மருந்து. என்னை வீழ்த்தியதில் பெரும் பங்கு அதற்கே.

அந்த மருந்தைப் பற்றி அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. 1948இல் அமெரிக்காவில் ஹெஞ்ச் என்ற மருத்துவர் கார்ட்டிசோன் என்னும் மருந்தை மூட்டு அழற்சி நோயாளிகளுக்குக் கொடுத்தார். படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். 1950இல் அவருக்கும், கெண்டால், ரைக்ஸ்டைன் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1955இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ட்ரூலவ், விட்ஸ் என்னும் இருவர், அதே மருந்து பெருங்குடல் புண் அழற்சியின் கடுந்தாக்குதலையும் அடக்குவதை முறையான சோதனையால் நிறுவினார்கள். அதற்கு முன் அந்தத் தாக்குதலில் மாண்டவர் பலர். எத்தனையோ உயிர்களை மீட்ட மருந்து அது. ஆனால் அதன் மறுபக்கமும் முன்னமே எழுதப்பட்டிருந்தது. கிரோன் முதலியோர் தம் நோயை விவரித்த அதே 1932இல், ஹார்வி குஷிங் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர், முகம் முழுநிலாப் போல் உருண்டு எலும்பு நொய்ந்துபோன சில நோயாளிகளைப் பற்றி எழுதினார். உடம்பிலே இயற்கையாகச் சுரக்கும் இதே வகைப் பொருள் அளவு மீறியதன் விளைவு அது. மாத்திரையாக அளவு மீறினாலும் அதுவே விளையும். ஸ்டீராய்டு எலும்பைக் கட்டும் அணுக்களின் கையைக் கட்டிப்போடுகிறது. குடலில் கால்சியம் ஏறுவதைக் குறைக்கிறது. சிறுநீரில் கழிவதைக் கூட்டுகிறது.

எனக்கு 2003இல் பிரெட்னிசோலோன் மாத்திரை எழுதிக்கொடுத்தவர் சில வாரங்களுக்கு மட்டும், படிப்படியாகக் குறைத்து நிறுத்தும்படி தெளிவாக எழுதியிருந்தார். தவறு அவருடையதன்று. பத்தே நாட்களில் இரத்தம் நின்றது, பசித்தது, கன்னம் உப்பிற்று, "சார் தேறிவிட்டார்" என்று பள்ளிக்கூடமே மகிழ்ந்தது. அடுத்தமுறை நோய் எழும்பியபோது, மதுரைக்கு ஒருநாள் விடுப்புப் போட்டுப் போவானேன் என்று அந்தச் சீட்டையே கடையில் நீட்டினேன், கொடுத்தார்கள். இப்படியே ஆண்டுக்கு இருமுறை, மும்முறை; பதினாறு ஆண்டுகள். சீட்டு மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்புறம் தாள் ஒட்டி வைத்திருந்தேன். மாணவன் பழைய வினாத்தாளுக்கு விடை எழுதிவந்தால் அடிக்கோடிட்டுத் திருத்தியவன் நான்!

இதைக் கேட்டுவிட்டு, இப்போது ஸ்டீராய்டு உண்டுவருகிறவர்கள் நாளைக் காலையில் நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. உடம்பு தானாகச் சுரப்பதை அதற்குள் நிறுத்தியிருக்கும். டாக்டரிடம் கேட்டுக் குறைக்க வேண்டும். நோயை அடக்க இன்று வேறு மருந்துகளும் உள்ளன. நோய் நன்றாக அடங்கியிருப்பதே எலும்புக்குச் செய்யும் முதல் வைத்தியம். அதுபோலவே, டைக்ளோபினாக் முதலிய வலி மாத்திரைகள் சிலருக்குக் குடல் நோயைக் கிளப்பிவிடும், எனக்குக் கிளப்பிற்று. எந்த வலிக்கு எந்த டாக்டரிடம் போனாலும், குடல் நோய் இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

உணவு விஷயத்தில் நான் செய்த மற்றொரு பிழை, பாலை அறவே விலக்கியது. வயிற்று நோய்க்குப் பால் ஆகாது என்று ஒருவர் சொன்னார். தயிரையும் மோரையுங்கூட நிறுத்தினேன். திருவில்லிபுத்தூரிலிருந்து மூன்று காத தூரங்கூட இல்லாத ஊரிலே இருந்துகொண்டு, இருபது ஆண்டுகளாகப் பால்கோவாவை வாயில் வைக்கவில்லை என்றால் என் வைராக்கியத்தை அளந்துகொள்ளலாம். பாலிலுள்ள சர்க்கரை செரிக்காதவர்கள் நம்மிடையே பலர் உண்டு. அவர்களுக்குப் பால் குடித்தால் வயிறு உப்பும், போகும். அவர்களும் தயிரைப் பெரும்பாலும் தாங்குவார்கள். பாலின் சர்க்கரையில் ஒரு பகுதி புளிக்கும்போதே குறைந்துவிடுகிறது. பால் ஒத்துக்கொள்கிறவர்கள், குடல் நோய் ஒன்றை மட்டும் காரணமாக்கி அதை விலக்க வேண்டியதில்லை.

வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2020இல் விதித்திருக்கிறார்கள். ஒரு தம்ளர் பாலிலோ தயிரிலோ 240 அளவில் கிடைக்கும். நூறு கிராம் கேழ்வரகில் 350 அளவில் இருக்கிறது. அரிசியில் அதில் நூற்றுக்குச் சில பங்குதான். எள்ளும் முருங்கைக்கீரையும், முள்ளோடு உண்ணும் சிறு மீன்களும் நல்லவை. ஆயினும் கேழ்வரகின் கணக்கை அப்படியே நம்பக்கூடாது. தானியங்களிலுள்ள பைட்டேட் என்னும் பொருள் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஊறவைத்து, முளைகட்டி, அல்லது கூழாகப் புளிக்கவைத்து உண்டால் அந்தப் பிடி தளரும். நம் பாட்டிமார் காரணம் சொல்லாமல் செய்துவந்த வேலை இது. நோய் மூண்டிருக்கும் காலத்திலும், கிரோன் நோயால் குடல் குறுகியிருப்பவர்களுக்கும் நார் ஆகாது. அவர்கள் முளைகட்டிய கேழ்வரகை அரைத்துப் பாலெடுத்து, துணியில் வடிகட்டிக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிக்கலாம்.

வெயிலைப் பற்றிச் சொன்னால் நம் ஊரார் சிரிப்பார்கள். பங்குனி சித்திரையில் இங்கே வெயிலுக்கா பஞ்சம்? ஆயினும் திருப்பதி வட்டாரத்தில் டாக்டர் ஹரிநாராயண் முதலியோர் ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையைப் பாருங்கள்: நோயற்ற தென்னிந்தியரிடையே உயிர்ச்சத்து 'டி' குறைவு பரவலாகக் காணப்பட்டது, உணவிலே கால்சியம் குறைவு, பைட்டேட் மிகுதி என்பதும் உடன் காணப்பட்டது. சுற்றிப் பார்த்தால் காரணம் தெரியும். சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிறவர்கள் கூரைக்குக் கீழே இருக்கிறார்கள். தளவாய்புரத்திலும் எங்கள் ஊரிலும் தையல் இயந்திரத்தின் முன்னே பெண்கள் காலை முதல் மாலை வரை அமர்ந்திருக்கிறார்கள். இராஜபாளையத்து நூற்பாலைகளில் பகல் ஏது, இரவு ஏது? நானோ, ஆரோக்கியத்துக்காக விடியற்காலை ஐந்து மணிக்கு உலாப் போய், கதிரவன் எழுமுன் வீடு திரும்புவேன். தோலிலே இந்தச் சத்தை உண்டாக்கும் கதிர்கள் முற்பகல் பத்து மணிக்கு மேல் பிற்பகல் மூன்று மணிக்குள்தான் போதிய அளவில் விழுகின்றன. முகமும் கையும் காலும் சிறிது நேரம் அந்த வெயிலில் பட வேண்டும். அசாதயோப்ரின் என்னும் மாத்திரை உண்பவர்களுக்கு மட்டும் வெயில் மிகுதியாக ஆகாது. அவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

60,000 அளவுள்ள உயிர்ச்சத்து 'டி' பொட்டலம் கடைகளில் கிடைக்கிறது. வாரம் ஒன்று வீதம் இத்தனை வாரம் என்று டாக்டர் வரம்பு கட்டுவார். எழுதியதற்கு மேல் உண்டால் இரத்தத்தில் கால்சியம் ஏறித் தீங்கு விளையும். கிரோன் நோயினருக்குச் சிறுநீரகக் கல் எளிதில் உண்டாகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பழைய சீட்டின் கதையை இந்தப் பொட்டலத்திலும் நான் மறுபடி நடத்த விரும்பவில்லை.

எலும்பின் அடர்த்தியை அளக்க 'டெக்ஸா' என்றொரு சோதனை உண்டு. மேசையின் மேல் சில நிமிடம் படுத்திருந்தால் போதும். ஊசி இல்லை, வலி இல்லை, மார்புக்கு எடுக்கும் எக்ஸ்ரேயைவிடக் குறைந்த கதிர்தான். இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிட்டு ஓர் எண் தருவார்கள். கழித்தல் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப் புரை என்பது உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த அளவு. என்னுடையது கழித்தல் 3.1. மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு உண்டவர்கள், மாதவிலக்கு நின்ற பெண்கள், சிறு அடியில் எலும்பு முறிந்தவர்கள், உடல் மிக இளைத்தவர்கள் ஆகியோர் குடல் நோயும் உடையவராயின், இந்தச் சோதனை தமக்கு வேண்டுமா என்று டாக்டரிடம் தாமே கேட்க வேண்டும். பதினாறு ஆண்டுகளில் நான் கேட்கவில்லை. முதுகு ஒடியும் வரை எலும்பு எனக்கு எந்த அறிகுறியும் காட்டவில்லை.

மெலிந்த எலும்புக்கு மருந்து உண்டு. வாரம் ஒருமுறை வெறும் வயிற்றில் நிறைய நீரோடு மாத்திரை விழுங்கி, அரைமணி நேரம் சாயாமல் நிமிர்ந்திருக்க வேண்டும். அல்லது ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றிக்கொள்ளலாம். எனக்கு நரம்பில் ஏற்றினார்கள். அதற்கு முன் உயிர்ச்சத்து 'டி' குறையை நிரப்பினார்கள். அது நிரம்பாமல் இதைக் கொடுத்தால் கால்சியம் தாழ்ந்துவிடுமாம். குளியலறையில் கைப்பிடி வைத்தோம். வழுக்கும் கல்லைப் பெயர்த்தோம். நடக்கிறேன், காலை பத்து மணிக்கு.

இவ்வளவையும் நான் பேச ஒப்புக்கொண்டது என் முதுகுக்காக மட்டுமன்று. என்னிடம் படித்த பெண்ணொருத்தி தையல் கூடமொன்றில் வேலை செய்கிறாள். மூன்றாண்டுகளுக்கு முன் தன் மகனை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். பதின்மூன்று வயது, பார்த்தால் ஒன்பது என்பீர்கள். குடற் காசநோய் என்று ஆறு மாதம் மருந்து உண்டிருந்தான். நம் நாட்டில் அதையும் கிரோன் நோயையும் பிரித்தறிவது தேர்ந்த மருத்துவர்க்கும் கடினமே. பின்பு கிரோன் என்று தெரிந்தது, ஸ்டீராய்டு தொடங்கினார்கள், குறைத்தால் வயிறு வலித்தது, கூட்டினால் அடங்கிற்று. "சார், நிறுத்துனா வலிக்குதுன்னு அழுவுறான். பழைய சீட்டைக் காட்டி நானே வாங்கிக் குடுத்துக்கிட்டிருக்கேன். தப்புங்களா சார்?" என்று கேட்டாள்.

தப்பு என்று அவளிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. என்னுடைய சீட்டை எடுத்துவந்து காட்டினேன். என் எக்ஸ்ரே படத்தையும் காட்டினேன். மறுவாரம் அவர்களோடு நானும் மதுரைக்குப் பேருந்து ஏறினேன். கிரோன் நோயுள்ள குழந்தைகளுக்கு ஸ்டீராய்டுக்குப் பதிலாக, ஆறு முதல் எட்டு வாரம் வரை வேறெதையும் உண்ணாமல் முழுச் சத்துள்ள நீருணவையே கொடுத்து நோயை அடக்கும் முறை உண்டென்பதை அங்கேதான் கேள்விப்பட்டேன். பையன் ஆறு வாரம் தாக்குப் பிடித்தான். தீபாவளி அதற்கு நடுவே வந்தது. அன்று முழுதும் வீட்டாரும் பலகாரம் தொடவில்லை. பின்னர் நெடுநாள் மருந்து வேறு தொடங்கி, ஸ்டீராய்டைப் படிப்படியாக நிறுத்தினார்கள்.

அவர்கள் வீட்டு வாசற்காலில், அவன் தாய் ஆண்டுதோறும் பொங்கலன்று அவனை நிறுத்தி உயரத்தைக் கரித்துண்டால் கோடிட்டு வைத்திருக்கிறாள். பத்தாம் வயதுக் கோடும் பதினொன்றும் பன்னிரண்டும் பதின்மூன்றும் ஒன்றன் மேல் ஒன்று ஒட்டி, ஒரே தடித்த கோடு போலத் தெரிந்தன. சென்ற பொங்கலன்று என்னை அழைத்திருந்தாள். பையன் முதுகை வாசற்காலில் ஒட்டி நின்றான். புதிய கோடு பழைய தடித்த கோட்டுக்கு மேலே ஒரு சாண் தள்ளி விழுந்தது. அவன் குதிகாலைத் தூக்கிவிட்டானோ என்று ஐயம் கொண்டு, நான் குனிய முடியாதாகையால், அவன் தங்கையைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். தூக்கவில்லை.